மூன்று சேர்வர், ஒரே சேமிப்பகம்: மட்டக்களப்பில் ஒன்றரை ஆண்டு ஓடிய புரொக்ஸ்மொக்ஸ் – செஃப்

மட்டக்களப்பு நகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தின் கணினிகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் எடுக்கப்படும் இரத்த மாதிரிகள் முற்பகலுக்குள் இங்கே வந்து சேரும். பகுப்பாய்வு இயந்திரங்கள் தரும் முடிவுகள் நேரடியாகத் தரவுத்தளத்துக்குப் போகும். மாலைக்குள் அறிக்கைகள் அந்தந்த ஊர்களில் அச்சாகும். 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் காலை, இவை அனைத்தையும் தாங்கிய ஒரேயொரு சேர்வரில், டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து நடத்தும் ரெய்ட் அட்டை பழுதடைந்தது. டிஸ்க்குகள் நல்ல நிலையில் இருந்தன, காப்புப் பிரதியும் இருந்தது, ஆனால் அதை மீட்டு ஓடவைக்க இன்னொரு சேர்வர் எங்களிடம் இருக்கவில்லை. மாற்று அட்டை கொழும்பிலிருந்து வந்து சேரும் வரை இரண்டு நாட்கள் அறிக்கைகளைக் கையால் எழுதினோம். ஒரு கர்ப்பிணித் தாயின் முந்தைய பரிசோதனை முடிவை மகப்பேற்று மருத்துவர் தொலைபேசியில் கேட்டபோது, அது டிஸ்க்கில் பத்திரமாக இருந்தும் எடுத்துக் கொடுக்க முடியாமல் நின்றதை நான் மறக்கவில்லை.

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மூன்று சேர்வர்களை ஒரே தொகுதியாக இயக்கும் புரொக்ஸ்மொக்ஸ் கிளஸ்டரை அமைத்து, அவற்றின் டிஸ்க்குகளை ஒரே பகிர்ந்த சேமிப்பகமாக்கும் செஃப் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கினோம். ஒன்றரை ஆண்டு ஓடியபின் எழுதும் மதிப்பீடு இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் அளவுள்ள நிறுவனத்துக்கு இது நம்பத்தக்க பொருள். ஆனால் வாங்குமுன் கொள்ளளவையும் டிஸ்க்கின் தரத்தையும் சரியாகக் கணக்கிடாதவருக்கு அது எந்தச் சலுகையும் காட்டாது. பட்டியல் விலையில் பெரிதாகத் தெரியும் செலவுகளைக் குறைத்து, சிறிதாகத் தெரியும் சில செலவுகளில் கைவைக்காமல் இருப்பதே இதைத் திட்டமிடும் வேலை.

செஃப், அமெரிக்காவின் சாந்தா குரூஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேஜ் வீல் என்பவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வாகத் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். 2012இல் முதல் நிலையான பதிப்பு வந்தது. 2014இல் ரெட் ஹெட் நிறுவனம் அதை வளர்த்த இன்க்டாங்கை வாங்கியது. புரொக்ஸ்மொக்ஸ், வியன்னாவிலிருந்து 2008 முதல் வெளிவரும் மெய்நிகராக்கத் தளம், அதாவது ஒரு சேர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓடவைக்கும் மென்பொருள். 2014இலிருந்து செஃபை நிறுவுவதும் பார்ப்பதும் அதன் சொந்தத் திரையிலேயே நடக்கின்றன. தனியாகச் செஃபை அமைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த இணைப்பின் அருமை தெரியும். டிஸ்க்கைத் தெரிவுசெய்து ஒரு பொத்தானை அழுத்தினால் அது சேமிப்பகத்தில் சேர்ந்துவிடுகிறது.

மற்றவற்றையும் பார்த்தோம். முன்பு விஎம்வெயார் நிறுவனத்தின் இதே வகை மென்பொருளான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பில்தான் ஓடினோம். 2023 நவம்பரில் பிரோட்கொம் அந்த நிறுவனத்தை வாங்கியபின் நிரந்தர உரிமங்கள் நிறுத்தப்பட்டன. 2024 பெப்ரவரியில் இலவசப் பதிப்பும் விலக்கப்பட்டது. பின்னர் அது திரும்பி வந்தாலும், அதற்குள் நாங்கள் முடிவெடுத்துவிட்டோம். மைக்ரோசொஃப்டின் பகிர்ந்த சேமிப்பகமான ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டிரெக்ட் வேண்டுமென்றால் விண்டோஸ் சேர்வரின் டேட்டாசென்டர் பதிப்பு வேண்டும், அந்த விலை எங்களுக்குக் கட்டாது. புரொக்ஸ்மொக்ஸில் ஆதரவுச் சந்தா புரொசசர் எண்ணிக்கைக்கு ஏற்ப யூரோவில் வருகிறது, சந்தா இல்லாமலும் எல்லா வசதிகளும் இயங்குகின்றன.

இனி டிஸ்க்குகளைப் பற்றி. செஃப் ஒவ்வொரு தரவையும் மூன்று பிரதிகளாக, மூன்று வெவ்வேறு சேர்வர்களில் எழுதுகிறது. மூன்றிலும் எழுதி முடிந்த பின்னரே மெய்நிகர் கணினிக்கு “எழுதியாயிற்று” என்று விடை சொல்கிறது. கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரிசையில் மெதுவாக இழுப்பவரின் வேகந்தான் வலையின் வேகம். இப்படி எழுதுவது டிஸ்க்கின் தற்காலிக நினைவகத்தில் நின்றால் போதாது, மின்சாரம் போனாலும் அழியாத இடத்துக்குச் சென்றதாக டிஸ்க் உறுதி தரவேண்டும். மின் இழப்புப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டிகளில் (சுழலும் தட்டில்லாத டிஸ்க்குகளில்) சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. மின்சாரம் நின்றாலும் கையிலுள்ளதை எழுதி முடிக்க அவை போதுமான வலுவைத் தருவதால், அத்தகைய டிஸ்க் உடனே உறுதி கொடுத்துவிடும். வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டியில் அவை பெரும்பாலும் கிடையாது. அதனால் ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே எழுதி முடியும்வரை காத்திருக்க வைக்கும்.

எங்களுக்கு விலைமனு தந்த விற்பனையாளர் ஒருவர், பட்டியலில் நாங்கள் கேட்ட டிஸ்க்குக்குப் பதிலாக விளையாட்டுக் கணினிகளில் போடும் என்விஎம்இ என்ற அதிவேக வகை டிஸ்க்கை எழுதி, “இது அதைவிட வேகம் கூடினது, விலையும் அரைவாசி” என்றார். அவர் சொன்ன வேகம் பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கும் வேகம். மாதிரிக்கு ஒன்றை வாங்கி வந்து, அன்றிரவு ஆய்வுகூடம் மூடியபின் எஃப்ஐஓ என்ற சோதனைக் கருவியால் அளந்தேன்: 4 கிலோபைட் துண்டுகளை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் உறுதி கேட்டு எழுதும் சோதனை. அந்த டிஸ்க் நொடிக்குச் சில நூறு முறை எழுதுவதோடு நின்றது. பக்கத்தில் போட்டிருந்த, மின்தேக்கியுள்ள, சாட்டா என்ற பழைய இணைப்பு வகை டிஸ்க் பத்தாயிரத்தைத் தாண்டியது. காலையில் அந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் அச்சிட்டு, செலவுக்கு ஒப்புதல் தரும் எங்கள் டொக்டரின் மேசையில் வைத்தேன். “தம்பி, அப்ப விலை கூடினதையே எடுங்க” என்று அவர் கையெழுத்திட்டார். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். விலைமனுவில் டிஸ்க்கின் மாதிரி எண்ணை முழுமையாக எழுதித் தராத எவரிடமும் வாங்க வேண்டாம் என்பது இந்த விடயத்தில் நான் வற்புறுத்திச் சொல்லும் அறிவுரை.

அதே காரணத்தால் சேர்வருடன் வரும் ரெய்ட் அட்டையையும் தவிர்க்க வேண்டும். செஃப் ஒவ்வொரு டிஸ்க்கையும் நேரடியாகப் பார்க்க விரும்புகிறது. இடையில் தன் சொந்த நினைவகத்துடன் ஓர் அட்டை நின்றால் எது உண்மையில் எழுதப்பட்டது என்று அதற்குத் தெரியாது. டிஸ்க்குகளை அப்படியே ஒப்படைக்கும் சாதாரண இணைப்பு அட்டை விலையும் குறைவு.

கொள்ளளவுக் கணக்கில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள், முதல் வரைவில் நானும் தவறினேன். ஒவ்வொரு சேர்வரிலும் 1.92 டெராபைட் டிஸ்க் நான்கு, மூன்று சேர்வருக்கும் பன்னிரண்டு, மொத்தம் 23.04 டெராபைட். மூன்று பிரதிகளுக்காக மூன்றால் வகுத்தால் 7.68. நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஆனால் மூன்றே சேர்வர்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு சேர்வரும் தரவின் முழுப் பிரதி ஒன்றைத் தாங்கியாக வேண்டும். ஒரு டிஸ்க் பழுதடைந்தால் அதிலிருந்ததை அதே சேர்வரின் மீதி மூன்று டிஸ்க்குகளில்தான் செஃப் மீண்டும் கட்டியெழுப்பும். வேறு சேர்வருக்கு அனுப்ப வழியில்லை, ஏனெனில் அங்கே ஏற்கெனவே ஒரு பிரதி இருக்கிறது. மீதி மூன்றின் கொள்ளளவு 5.76. ஒரு டிஸ்க் 85 வீதம் நிரம்பியதும் செஃப் எச்சரிக்கும், 90இல் மற்ற டிஸ்க்குகளிலிருந்து அதற்குத் தரவை நகர்த்தி நிரப்புவதை நிறுத்தும், 95இல் எழுதுவதையே மறுத்துவிடும். ஆகவே 5.76இன் 85 வீதமாகிய 4.9 டெராபைட்தான் நாங்கள் நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடிய அளவு. பற்றுச்சீட்டில் 23, கையில் 4.9.

இதே பணத்துக்கு 3.84 டெராபைட் டிஸ்க் இரண்டை ஒவ்வொரு சேர்வரிலும் போடலாமே என்று எங்களுக்கும் யோசனை வந்தது. மொத்தம் அதே 23.04தான். ஆனால் ஒன்று பழுதடைந்தால் மிஞ்சுவது ஒன்றே, 3.84இன் 85 வீதம் 3.26. டிஸ்க் எண்ணிக்கை குறையக் குறைய, ஒரு பழுது விட்டுச் செல்லும் சுமை மீதியிருப்பவற்றின் மேல் கூடுகிறது. எங்கள் தரவு அப்போது 2.6 டெராபைட்டாக இருந்தது. இரண்டு டிஸ்க் அமைப்பில் அது ஓராண்டுக்குள் நெருக்கடிக்கு வந்திருக்கும். சிறிய டிஸ்க்குகள் பலவாக இருப்பதே சிறு கிளஸ்டருக்கு ஏற்றது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 1.92 என்று உறையில் எழுதிய டிஸ்க் திரையில் 1.75 என்று தெரியும். உற்பத்தியாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், மென்பொருள் 1024ஆல் எண்ணுகிறது. குறைந்தது எதுவும் இல்லை.

வலையமைப்பில் நாங்கள் செய்த ஒரு தெரிவு நிறையப் பணத்தை மிச்சப்படுத்தியது. ஒவ்வொரு சேர்வரிலும் இரண்டு இணைப்பு வாய்கள் கொண்ட 25 ஜிகாபிட் வலையமைப்பு அட்டை ஒன்றைப் பொருத்தி, மற்ற இரண்டு சேர்வர்களுக்கும் நேரடிச் செப்புக் கேபிள் இழுத்து முக்கோணமாக இணைத்தோம். நடுவில் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் வலையமைப்புச் சுவிட்ச் கிடையாது. மூன்றே கேபிள்கள். 10 ஜிகாபிட் இணைப்பு நொடிக்கு ஏறத்தாழ 1.25 ஜிகாபைட்தான் கடத்தும். நான்கு சாட்டா எஸ்எஸ்டிகள் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். ஆகவே ஒரு டிஸ்க்கோ சேர்வரோ திரும்பி வரும்போது நடக்கும் மீள்கட்டுமானத்துக்கு 25 வசதியாக இருக்கிறது. இந்த முக்கோணம் மூன்றுக்கு மட்டுமே பொருந்தும். நான்காவது சேர்வர் வந்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்கள் தேவைப்படும், அப்போது சுவிட்ச் வாங்கியே ஆகவேண்டும். வளரப் போகிறோம் என்று தெரிந்தவர்கள் முதலிலேயே இரண்டு சுவிட்ச்சுகளுக்குப் பணம் ஒதுக்கட்டும். கிளஸ்டர் தன் உறுப்பினர்களைச் சரிபார்க்கும் கோரோசிங்க் போக்குவரத்துக்கு வேகம் தேவையில்லை, தாமதம் குறைவாக இருந்தால் போதும். அதற்குத் தனியாக 1 ஜிகாபிட் கம்பி விட்டோம். இதையும் செஃபின் போக்குவரத்தையும் ஒரே கம்பியில் விட்டால், மீள்கட்டுமானம் நடக்கும் நேரத்தில் உயிரோடிருக்கும் சேர்வரையே கிளஸ்டர் இறந்ததாக எண்ணி மறுதொடக்கம் செய்ய நேரும்.

நினைவகம் பற்றி நீட்டத் தேவையில்லை. செஃப் இயல்பாக ஒரு டிஸ்க்குக்கு 4 ஜிகாபைட் எடுக்கும். கிளஸ்டரின் நிலையைப் பார்க்கும் செஃபின் கண்காணிப்புப் பணிகளையும் சேர்த்து ஒவ்வொரு சேர்வரிலும் 24 ஜிகாபைட்டை ஒதுக்கினோம். மீதியைப் பங்கிடும்போது மூன்று சேர்வரையும் எண்ணாமல் இரண்டை மட்டும் எண்ண வேண்டும். ஒன்று விழுந்தால் அதன் மெய்நிகர் கணினிகள் மற்ற இரண்டில் இடம்பிடிக்க முடியாவிட்டால், மூன்று வாங்கியதன் பயன் போய்விடும்.

நிறுவி முடித்ததும் உண்மைத் தரவை ஏற்றுமுன் ஒரு வாரம் சோதித்தோம். ஒரு மாலை, ஓடிக்கொண்டிருந்த சேர்வரிலிருந்து ஒரு டிஸ்க்கை அதன் தட்டோடு இழுத்து வெளியே எடுத்தேன். திரையில் பச்சை வட்டம் மஞ்சளானது. பத்து நிமிடம் வேறெதுவும் நடக்கவில்லை. பழுதடைந்த டிஸ்க் திரும்பி வருகிறதா என்று செஃப் இயல்பாக 600 நொடிகள் பொறுத்திருக்கும். அதன்பின் மீள்கட்டுமானம் தொடங்கி, குறைவுபட்ட பிரதிகளின் எண்ணிக்கை கண்முன்னே இறங்கிக்கொண்டு வந்தது. அடுத்த அறையில் பயிற்சிக்காகப் போலி முடிவுகளைப் பதிந்துகொண்டிருந்த தொழினுட்பவியலாளர் எதையும் உணரவில்லை; நான் போய்ச் சொன்னபின்தான் அவருக்குத் தெரிந்தது. மறுநாள் ஒரு சேர்வரின் மின்கம்பியையே பிடுங்கினேன். அதிலிருந்த மெய்நிகர் கணினிகள் சில நிமிடங்களில் மற்றவற்றில் எழுந்தன.

இரண்டாவது சேர்வரையும் நிறுத்தியபோது எல்லாமே உறைந்து நின்றன. இது குறைபாடு அல்ல. இயல்பான அமைப்பில் மூன்று பிரதிகளில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் செஃப் எழுத அனுமதிக்கும். ஒரே பிரதியை நம்பி எழுதுவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று அது முடிவெடுக்கிறது. கொள்ளளவை மிச்சம் பிடிக்க இரண்டு பிரதி, குறைந்தது ஒன்று என்று மாற்றி அமைப்பவர்கள் உண்டு. நோயாளியின் தரவு இருக்கும் இடத்தில் அதை நான் ஒருபோதும் செய்யமாட்டேன்.

எங்கள் பகுதியில் உண்மையான பரீட்சை மின்சாரம். 2022இல் நாளொன்றுக்குப் பத்து மணி, பதின்மூன்று மணி என்று மின்வெட்டு நீண்ட நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இந்தக் கிளஸ்டருக்கு முதல் பரீட்சை 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, நாடு முழுவதும் மின்சாரம் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. யூபிஎஸ் தாங்கியது, மின்பிறப்பாக்கி பிடிக்கத் தாமதித்தது. யூபிஎஸ்ஸின் மின்கலம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் மெய்நிகர் கணினிகளை முதலில் மூடி, பிறகு “விடுபட்ட டிஸ்க்குகளை விலக்காதே” என்ற கட்டளையைச் செஃபுக்குக் கொடுத்து, கடைசியாகச் சேர்வர்களை நிறுத்தும் ஒழுங்கை முன்பே எழுதி வைத்திருந்தோம். அது சொன்னபடி நடந்தது. மாலையில் ஏற்றியபோது சில நிமிடங்களில் வட்டம் மீண்டும் பச்சையானது, ஒரு பதிவும் இழக்கப்படவில்லை. மூன்று சேர்வரையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டுவது பெரும் பிழை. எங்களிடம் இரண்டு யூபிஎஸ் உண்டு. ஒவ்வொரு சேர்வரின் இரண்டு மின்வழங்கிகளும் ஆளுக்கொன்றில் இருக்கின்றன.

குறைகளும் உண்டு. தனியொரு தரவுத்தளம் ஒன்றன்பின் ஒன்றாக எழுதும் வேலையில், சேர்வருக்குள்ளேயே இருக்கும் டிஸ்க்கைவிடச் செஃப் மெதுவானது. எழுதும் ஒவ்வொன்றும் கம்பி வழியே போய்வர வேண்டியிருப்பதால் இதை முற்றாக நீக்க வழியில்லை. எங்கள் மாதாந்தக் கணக்கு அறிக்கை பழைய சேர்வரில் எடுத்ததைவிடக் கூடிய நேரம் எடுக்கிறது. பகலில் அதை எடுக்க வேண்டாம் என்று கணக்காளரிடம் கேட்டுக்கொண்டோம். அடுத்தது கடிகாரம். கண்காணிப்புப் பணிகளுக்கிடையே நேரம் 0.05 நொடிக்குமேல் விலகினால் செஃப் எச்சரிக்கும். மழைக்காலத்தில் இணைய இணைப்பு ஒரு முழு நாள் அறுந்திருந்தபோது வெளி நேரச் சேர்வரை எட்ட முடியாமல் இந்த எச்சரிக்கை வந்தது, அதன் பொருள் புரியாமல் அன்றிரவை நான் வீணாக்கினேன். இப்போது மூன்று சேர்வர்களும் உள்ளேயே ஒரு பொதுக் கடிகாரத்தைப் பார்க்கின்றன. பழுது நேரத்தில் திரை தரும் செய்திகள் ஆங்கிலத்தில், அதுவும் செஃபின் உள்மொழியில் இருப்பதால், புரிந்து நடக்க இரண்டாவது ஆளொருவரைப் பயிற்றுவிக்காமல் இதை நிறுவுவது பொறுப்பற்ற செயல்.

மூன்று பிரதிகள் இருப்பதால் காப்புப் பிரதி தேவையில்லை என்று நினைப்பவர்களையும் கண்டிருக்கிறேன். தவறுதலாக அழித்த அட்டவணை மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் அழியும். வெள்ளம் வந்தால் மூன்று பிரதிகளும் இருக்கும் அதே அறைக்குள்தான் வரும். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே கல்முனைக் கிளையில் புரொக்ஸ்மொக்ஸ் பக்கப் சேர்வர் ஒன்றை வைத்திருக்கிறோம். மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புவதால் சாதாரண ஃபைபர் இணைப்பிலேயே இரவுக்குள் முடிந்துவிடுகிறது. மாதமொருமுறை ஒரு மெய்நிகர் கணினியை அங்கிருந்து மீட்டுப் பார்க்கிறோம். கிளஸ்டரையே இரண்டு ஊர்களுக்கும் நீட்டலாமே என்று ஒருவர் கேட்டார். எழுதும் ஒவ்வொன்றும் கல்முனைக்குப் போய்வரக் காத்திருந்தால் ஆய்வுகூடம் ஓடாது.

இரண்டு சேர்வர் மட்டும் வாங்கக்கூடியவர்கள், அதாவது ஒரு கணக்காய்வு அலுவலகமோ நெல் ஆலையோ பாடசாலையோ, செஃப் பக்கம் வரவேண்டாம். புரொக்ஸ்மொக்ஸிலேயே இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் பிரதியிடல் இருக்கிறது. இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்களை மற்றச் சேர்வருக்கு அனுப்பும், விரும்பினால் ஒரு நிமிடமாகக் குறைக்கலாம். ஒன்று விழுந்தால் அந்த இடைவெளியில் எழுதியது போகும், அவ்வளவே. பெரும்போக நெல் கொள்வனவு நடக்கும் நாட்களில்கூடச் சம்மாந்துறைப் பக்கத்து ஆலை ஒன்றுக்கு அது போதுமானதாக இருப்பதைப் பார்த்தேன். கிளஸ்டர் இயங்கப் பெரும்பான்மை வாக்கு வேண்டும் என்பதால், ஒன்று விழுந்தாலும் மற்றது அதைப் பெறுவதற்காக மூன்றாவதாக ஒரு சிறு கணினியைச் சேர்க்க மட்டும் மறக்கக்கூடாது.

உதிரியாக ஒரு டிஸ்க்கை அலுமாரியில் வைத்திருக்கிறோம். கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது உத்தரவாதப் பத்திரம் அன்றிரவுக்கு உதவாது. 2025இல் செஃபை 19ஆம் பதிப்புக்கு உயர்த்தினோம். புரொக்ஸ்மொக்ஸ் 9க்குப் போகுமுன் அது கட்டாயம். ஒவ்வொரு சேர்வராக மாற்றியதால் சேவை நிற்கவில்லை.

சேர்வர்களை நிறுத்தும் ஒழுங்கைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, இராக்கையின் கதவில் ஒட்டியிருக்கிறோம். தானியங்கி ஒழுங்கு தவறினால் கையால் செய்வதற்காக, ஒவ்வொரு வரியிலும் எந்தத் திரை, எந்தப் பொத்தான், எந்த நிறம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று குறித்திருக்கிறோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கிழக்குக் கரைக்கு வந்தபோது, வீதியில் வெள்ளம் நின்றதால் என்னால் வீட்டைவிட்டு வெளியேற முடியவில்லை. இரவுப் பணியில் இருந்த தொழினுட்பவியலாளர், மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் முடியப்போவதைக் கண்டு, அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே தொலைபேசியில் என்னை அழைத்தார். “அண்ணா, அஞ்சாவது வரி முடிஞ்சுது, எல்லாம் நிண்டிட்டு. இனி சேர்வரை நிப்பாட்டட்டா?” என்று கேட்டார். நிறுத்தச் சொன்னேன். மூன்று நாள் கழித்து மின்சாரம் வந்ததும் அவரே ஏற்றினார்.